ஏணி ஏறும் முன்

"விடிஞ்சதும் மதில் ஏறுறோம், தளபதியாரே. ஜெயிச்ச ஊர்ல மூணு நாள் கொள்ளை எங்க வழக்கம். குறுக்கே வராதீங்க" என்றார் சிலுவைப் படையின் ஒடோ பிரபு.

"தாராளமா!" என்றார் கிரேக்கப் பேரரசரின் தளபதி பர்தாஸ். "ஏணி பத்துமா? இன்னும் இருபது தரேன்."

பக்கத்தில் நின்ற உதவித் தளபதி நிகிதாஸ் பர்தாஸை முறைத்தான். கோட்டை துருக்கியர் கையில் இருந்தாலும் உள்ளே வாழ்வது கிரேக்கக் குடும்பங்கள்தான். அவன் அக்காவும் அங்கேதான் இருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு, பிரபுவே" என்று பர்தாஸ் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆளுங்க பாவமன்னிப்புக் கேட்டாச்சா? கேக்காம செத்தா நரகமாச்சே!"

ஒடோவுக்கு முகம் வெளுத்தது. "அடடா! ஆயிரம் பேரு இருக்காங்க. பாதிரியாரு மூணே பேரு!"

"நிதானமா முடிச்சிட்டு வாங்க. கோட்டைக்குப் பின்னால இருக்கிற ஏரிப் பக்கத்தை நான் பாத்துக்கறேன்."

விடியலில் மண்டியிட்ட வரிசை உச்சிவேளையில்தான் முடிந்தது. கடைசி ஆள் எழுந்ததும் ஏணியைத் தூக்கியவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மதில் மேல் பேரரசரின் கொடி பறந்தது. கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு பர்தாஸ் அத்திப்பழம் தின்றபடி வந்தார். பழக்கூடையுடன் பின்னால் வந்தவள் நிகிதாஸின் அக்கா.

"என்னய்யா இது!" என்று கத்தினார் ஒடோ.

"துருக்கிக்காரங்க நேத்தே சரணடைய ஒத்துக்கிட்டாங்க, பிரபுவே. ஏரி வழியா படகேறிப் போக அரைநாள் கேட்டாங்க, அவ்வளவுதான்."

"அப்ப எங்க கொள்ளை?"

பர்தாஸ் பதறிப்போய்ச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "பேராசைப்பட்டோம்னு இப்பதானே அழுதுட்டு வந்தீங்க! முழங்கால் மண்ணைக்கூட இன்னும் தட்டலையே, பிரபுவே!"