தூக்கிவிட்ட குரல்

கணினி ஆய்வகத்தின் ஜன்னல் திரை பாதி இறங்கியிருக்கிறது. மதிய வெயில் மேசைகளின் மேல் கோடு கோடாகக் கிடக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் செயலிக்கு ஒரு மாணவர் குழுவின் நால்வரும் சேர்ந்து செமஸ்டர் முழுக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இன்று வகுப்பின் முன்னால் அதன் அரங்கேற்றம். குழுத்தலைவன் மைக்கில் பேசப் பேச, திரையில் வரிகள் பிழையில்லாமல் ஓடுகின்றன. பேராசிரியை பூரித்துப்போய், "சேர்ந்து கத்துக்கறதுன்னா இதுதான்!" என்கிறார். கைதட்டல் எழுகிறது. "சரியா வராத பதிவையெல்லாம் தூக்கிட்டோம் மேடம். அப்புறம்தான் துல்லியம் ஏறுச்சு," என்கிறான் அவன், வாய்கொள்ளாச் சிரிப்போடு. கடைசி மேசையில் இருப்பவளுக்குக் காது மடல் கொதிக்கிறது. அவளும் அந்த நால்வரில் ஒருத்தி, திக்கிப் பேசுபவள். தன்னைப் போன்றவர்களின் பேச்சும் செயலிக்குப் புரியட்டும் என்றுதான் தொண்டை கட்டும்வரை பதிவு செய்து கொடுத்தாள். விருட்டென்று எழுகிறாள். நாற்காலி சாய்ந்து விழுகிறது. முன்னால் போய் மைக்கைப் பிடுங்குகிறாள். "எ... எ... என் குரல் எங்கடா?" திரையில் வெறும் எகரங்கள் வரிசையாக ஓடி, நின்றுவிடுகின்றன. யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். "இல்ல மேடம், இவ பேசினா அது குழம்பிடுது..." என்று அவன் இழுக்கிறான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. "இ... இது யா... யாருக்குக் காது கொடுக்கும் மேடம்? எ... எங்களுக்கு..." அடுத்த சொல் தொண்டையில் முட்டி நிற்கிறது. அதை எடுத்துக் கொடுக்கப் பேராசிரியை வாய் திறக்கிறார். அவள் கையை உயர்த்தித் தடுக்கிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. மொத்த வகுப்பும் அவள் வாயையே பார்த்துக் காத்திருக்கிறது. காத்திருக்கட்டும்.