லாபம் ஏறிய மாதம்

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியை விலை பேச வந்த மதிப்பீட்டாளரிடம் கணக்கை நீட்டியபோது முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

“போன தடவை நீங்க பார்த்ததுக்கு இப்ப லாபம் எவ்வளவு ஏறியிருக்கு பாருங்க.”

“எப்படி சார் ஏத்துனீங்க?”

“போன் எடுக்கற அம்மாவை நிறுத்திட்டேன். இருபது வருஷமா உட்கார்ந்த இடத்துல வாயடிக்கறதுக்குச் சம்பளம். இப்ப மெஷின் பேசுது.”

மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார்.

“அப்போ போன தடவை நாங்க சொன்ன விலையில பத்துல ஒரு பங்குதான் சார் தேறும்.”

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “லாபம் ஏறுனா விலை இறங்குமா? இது எந்த ஊர்க் கணக்கு?”

“உங்க வேனுக்கும் ஸ்பேனருக்கும் அந்த ஒரு பங்கு. மீதி ஒன்பதும் உங்க பேருக்கு. லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா, கதவு திறக்கற வரைக்கும் போனை வைக்காம பேசுவாங்கங்கற பேரு. அதனாலதான் இத்தனை வருஷமா ஒரு கட்டடம்கூட உங்களை விட்டுப் போகல.”

“இப்ப மட்டும் யாரு சார் போயிடப் போறாங்க?”

கைப்பேசி ஒலித்தது. மனைவி.

“நம்ம அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல அரை மணி நேரம் மாட்டிக்கிட்டேங்க. உயிரே போயிடுச்சு. நல்லவேளை, கதவு திறக்கற வரைக்கும் அந்த அம்மாதான் பேசிக்கிட்டே இருந்தாங்க.”

“எந்த அம்மா? அவங்களைத்தான் நிறுத்தியாச்சே.”

“தெரியும். இப்ப வேற கம்பெனியில இருக்காங்க. நம்ம கட்டடம் அங்க மாறி ஒரு வாரம் ஆச்சு. முதல் கையெழுத்தே நான்தான் போட்டேன்.”