டிரிப்பரை இறக்கிய கை

ஏசியைக் கெடுப்பது தன் பெண்டாட்டிதான் என்று லிங்கேஸ்வரன் முடிவே கட்டிவிட்டான். இனி யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை அவன்.

"சோணை, இவ இருக்கும்போதே சொல்லு. கோளாறு மிசின்லயா, வீட்டுலயா?"

மெக்கானிக் சோணைக்குத் தர்மசங்கடம். போன தடவையும் இதே ஏசி, இதே புகார். ரிமோட்டை அமுக்கினால் சத்தமே இல்லை. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டான், பிளக்கைக் கழற்றி மாட்டினான், ஸ்டெபிலைசரைத் தட்டிப் பார்த்தான். கடைசியில் பார்த்தால், கூடத்துச் சுவிட்ச் பெட்டியில் ஏசிக்கான டிரிப்பர் சுவிட்ச் கீழே இறங்கிக் கிடந்தது. பழசு, லோடு தாங்காமல் விழுகிறது போல என்று புதுசு மாட்டிவிட்டுப் போனான். இன்றைக்கு வந்தால் புதுசும் இறங்கிக் கிடக்கிறது.

"தூக்கிவிட்டு எம்புட்டு நேரமாச்சு, நிக்காம ஓடுதுண்ணே. தானா விழுகுறதுன்னா இந்நேரம் விழுந்திருக்கணும்." சோணை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "யாரோ கைய வச்சுத்தான் எறக்குறாக."

"கேட்டுக்க!" என்று லிங்கேஸ்வரன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

சூர்யகலா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "ஏசி எதுக்குன்னு கேட்டவ நாந்தான், இல்லேங்கல. அதுக்காக இந்தத் திருட்டு வேலையெல்லாம் எனக்குத் தெரியாது."

லிங்கேஸ்வரன் ஏசி வாங்கியதே தன் ஆத்தா மொக்கம்மாளுக்காகத்தான். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக் கூலியாட்களின் லயத்து வீட்டில் குடியிருந்தவள். ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்கு வர முடியாத, வெந்நீர் இல்லாமல் கைகால் கழுவ முடியாத இடம். தை மாதம் ஒரு சாயங்காலம், வேலைக்குப் போன புருஷன் சுருளி மேல் மரம் முறிந்து விழுந்து, அங்கேயே உயிர் போய்விட்டது. சேதி வந்ததும் அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஜீப்பில் ஏறியவள்தான். அதற்கப்புறம் மேலே போகவே இல்லை.

அழவும் இல்லை அவள். போடியில் மகன் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சோறு வைத்தால் இரண்டு வாய், கூப்பிட்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். குளிரில் கிடந்த உடம்பை இந்த வெயில்தான் போட்டு முடக்குகிறது, இப்படியே விட்டால் ஆத்தாவும் தங்க மாட்டாள் என்று லிங்கேஸ்வரனுக்குப் பயம். பொல்லாத பயம்.

அவன் நினைத்ததைத் தப்பென்றும் சொல்ல முடியாது. ஏசி ஓடிய முதல் நாளே ஆத்தா எழுந்து நடந்தாள். அடுப்படிக்குப் போய்ப் பெரிய சட்டி நிறைய வெந்நீர்கூட வைத்தாள், அதுவும் பட்டப்பகலில்! "யாருக்கு அத்தை வெந்நி?" என்று சூர்யகலா கேட்டபோது தெருவைத்தான் எட்டிப் பார்த்தாள். மறுநாளே ஏசி கிளம்பாமல் படுத்துக்கொண்டது.

"அந்தா பாரு!" என்றான் லிங்கேஸ்வரன்.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மொக்கம்மாள் வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தமும் அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தமும் கேட்டன.

"குளுரு பட்டதும் எந்திரிச்சிருச்சா இல்லையா? எங்காத்தா நடமாடுறது ஒனக்குப் பொறுக்கலையாடி? இன்னொருக்கா எறக்கிப் பாரு, பொட்டிபுரத்துல ஒங்கப்பன் வீட்டுக்குப் பஸ்சு ஏத்தி விட்டுருவேன். சோணை, இந்தப் பெட்டிக்கு வெரசா ஒரு பூட்டு மாட்டு. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

சூர்யகலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "நல்லாப் பூட்டச் சொல்லுங்க. அப்பவாச்சும் நானில்லேன்னு தெரியுதான்னு பாப்போம்."

புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் அகப்பட்ட சோணை, வேறு வழியில்லாமல் பையிலிருந்து டிரில்லை எடுத்தான். பூட்டுக்கு எங்கே ஓட்டை போடுவது என்று பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆவி பறக்கும் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு மொக்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். நேராக வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தாள். சித்திரை வெயில் முகத்தில் அறைந்தது. பிறகு சட்டியை நிலைப்படி ஓரமாக இறக்கி வைத்தாள்.

திரும்பி வந்தவள் சோணையின் கையை மெல்ல விலக்கிவிட்டு, பெட்டிக்குள் விரலை நுழைத்து டிரிப்பரைக் கீழே தள்ளினாள். உள்ளறையில் ஏசி அடங்கியது.

லிங்கேஸ்வரன் பெட்டியண்டை ஓடி வந்தான். "நீயா ஆத்தா? ஒனக்காகத்தான இம்புட்டும் செஞ்சேன்... இந்த வெக்கையில கெடந்து ஏன் சாகுற?"

மொக்கம்மாள் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. நிலைப்படி ஓரத்துச் சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"குளுரு எறங்கவும், ஒங்கய்யா வேலை விட்டு வர்ற நேரமாச்சேன்னு இன்னைக்கும் வெந்நி போட்டுட்டேன், அப்பு."

சூர்யகலாதான் முதலில் நகர்ந்து வந்து மாமியாரின் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் சட்டியின் சூடு இன்னும் இருந்தது.

"அந்த ஏசி ஓட வேணாம்யா," என்றாள் மொக்கம்மாள். " வெக்கையிலதான் அவரு செத்தது ஞாபகத்துல நிக்குது."