பஸ் டிக்கெட் பார்க்காத கடைசிப் பக்கம்

அமுதவல்லி பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய பஸ் டிக்கெட்டுக்கு இருப்பே கொள்ளவில்லை. எந்த நாவலிலும் முப்பது பக்கம் தாண்டுவதற்குள் அவள் அதை உருவி, வேறொரு நாவலில் செருகிவிடுவாள். ஒரு கதையின் முடிவாவது தெரியவராதா என்று அது தவித்தது.

"நீங்களாவது என்னைக் கடைசிவரைக்கும் கூட்டிப்போவீங்களாண்ணே?" என்று புதிதாக வந்த நாவலிடம் கேட்டது.

"ஏறினதுமே இறங்குற இடத்தைக் கேக்கறியேப்பா," என்றது நாவல்.

மறுநாள் காலை அவள் டிக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு அந்த நாவலைப் படிக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டியது. பொழுது சாய்ந்தபோது கடைசிப் பக்கத்தை முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிக்கெட் மேஜையிலேயே கிடந்தது.

"என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களேண்ணே."

"உன்னை வைக்கறதுக்கு அவ எங்கேயுமே நிறுத்தலையேப்பா."

"சரி, முடிவு என்ன?"

நாவல் வாய் திறப்பதற்குள், அவள் டிக்கெட்டை எடுத்து அடுத்த நாவலின் பத்தாம் பக்கத்தில் செருகினாள்.