ஊசித்துளை

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே உள்ள மருத்துவக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடியப்போகிறது. தகரக் கூரையில் மழை இரைகிறது. தினேஸ்வரி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் கையுறையில் காற்றடைத்து வெள்ளை விளக்கின் முன் பிடிக்கிறாள். ஐந்து விரல்களும் உப்பி நிற்கின்றன. தாதியாக வேண்டும் என்று நினைத்தவளுக்கு ஒன்பது வருடமாக இதுதான் வேலை. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருவர் பேசியபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எதிர்பார்ப்பதற்கு இங்கே என்ன பலன் இருக்கிறது? சுண்டுவிரல் நுனியிலிருந்து மயிரிழைபோல் காற்று கசிந்து அவள் கன்னத்தில் படுகிறது. அந்தக் கையுறையைக் கழித்துப் போடுகிறாள். ஆனால் சற்றுமுன் ஒட்டிய பெட்டியிலிருந்த கையுறைகளைத் தூக்கக் கலக்கத்தில் அரைக்கண்ணால்தான் பார்த்திருந்தாள். அந்தப் பெட்டியை இழுத்து நாடாவைக் கிழிக்கிறாள். பக்கத்து மேசை சரஸ்வதி பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். “பஸ் வந்துருச்சுலா. விடு, யாருக்குத் தெரியப் போவுது?”

“யாருக்கும் தெரியாதுக்கா. நீங்க போங்க, நான் கிராப் டாக்சி எடுத்து வாரேன்.”

வெளியே ஹாரன் இரண்டு முறை அடித்து ஓய்கிறது. தினேஸ்வரி முதல் கையுறையை எடுத்துக் காற்றடைக்கிறாள். முகம் தெரியாத யாரோ கை நீட்டுவதுபோல் அது அவள் முன் மெல்ல நிமிர்கிறது.