அணு விளக்குக்கு வைத்தியம்

"வோல்க்மார், உன் சுருட்டுப் பெட்டி எங்கே?" சமையலறை வாசலில் நின்று கேட்டார் மனைவி ஹைட்ருன்.

"தூக்கிப் போட்டுட்டேன். விளக்குக்குப் புகை ஆகாதாம்."

வோல்க்மாருக்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில், ருபீடியம் அணுக்கடிகாரம் திறந்து கிடந்தது. அதற்குள் இருக்கும் விரல் நுனி அளவு கண்ணாடி விளக்குக்கு வயதாகி, ஒளி மங்கிவிட்டது. அது அணைந்தால் கடிகாரம் வெறும் தகரப் பெட்டிதான். சனிக்கிழமை உல்ம் நகரத்துக் கடிகாரப் பைத்தியங்களின் சங்கத்தில், யார் கடிகாரம் துல்லியம் என்று போட்டி வேறு. தோற்றவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சாசேஜ் சுட்டுத் தர வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். ஒவ்வொரு வருடமும் எக்கார்ட் ஜெயிப்பார், வோல்க்மார் சுடுவார்.

"தரையெல்லாம் பளபளன்னு இருக்கு?"

"தூசி இருந்தா விளக்கு பிழைக்காதுன்னு 'பழைய ஆந்தை' எழுதியிருந்தார். வீடு முழுக்கத் துடைச்சிட்டேன்."

இணையத்தில் கடிகாரப் பிரியர்களுக்கு யோசனை சொல்பவர் பழைய ஆந்தை. முகம் தெரியாது, ஊர் தெரியாது. வோல்க்மாருக்கு அவர் சொன்னால் வேதவாக்கு.

"ஒயர் குப்பையை எடுன்னு நான் எத்தனை வருஷமா கத்தினேன்? விளக்கைப் பத்தியாவது என்னைக் கேட்டிருக்கலாம். விளக்குத் தொழிற்சாலையில இன்ஜினியரா இருந்தவ நான்."

"நீ பண்ணினது தெருவிளக்கு, ஹைட்ருன். இது அணு விளக்கு! இதெல்லாம் ஆந்தை மாதிரி ஆளுங்களுக்குத்தான் புரியும்."

ஹைட்ருன் அடுப்பில் வெந்துகொண்டிருந்த பிளம் கேக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

வோல்க்மார் சுடுகாற்றுக் கருவியை எடுத்தார். கண்ணாடியில் படலமாக ஒட்டி ஒளியை மறைக்கும் ருபீடியம் உலோகத்தைச் சூடு காட்டி, பழைய மூலைக்கே ஓட்ட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஆந்தை எழுதியபடியே காட்டினார், ஆறவிட்டார், மறுபடி காட்டினார். விளக்கைப் பொருத்தி, ஸ்விட்சைப் போட்டார்.

ஊதா கலந்த சிவப்பில் ஜம்மென்று எரிந்தது விளக்கு.

"எரியுது! ஹைட்ருன், எரியுது!" சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இந்த வாட்டி எக்கார்ட் கட்டட்டும் ஏப்ரனை! இரு, ஆந்தைக்கு நன்றி எழுதிட்டு வரேன்."

படிகளில் தடதடவென்று மாடிக்கு ஓடினார்.

சமையலறையில் போன் அடித்தது. எக்கார்ட்டின் மனைவி ரோஸ்விதா.

"ஹைட்ருன், எங்க ஆளோட விளக்கும் மங்கிடுச்சு. காலையிலேருந்து ஒரே புலம்பல்."

ஹைட்ருன் கையில் இருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, மாடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "சரி, உங்க வீட்டுல என்ன வேலை பாக்கி இருக்கு?"

"தோட்டத்துல புல்லு முழங்கால் உயரம் நிக்குது. ஜன்னலெல்லாம் ஒரே அழுக்கு. பார்த்து எழுதுங்க, ஆந்தையம்மா!"