மேடையின் உயரம்

“தொட்டுப் பாரும்மா. நேத்து ராத்திரிதான் தண்ணியில போட்டேன். டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி ஆயிருச்சு. இதுக்கா பத்து வருஷம் கேரண்டி?”

இசபெல்லா டிபன் பாக்ஸைத் திறந்து, உப்பிப்போன பலகைத் துண்டை மேஜைமேல் கவிழ்த்தாள். போன வாரம் ஆக்னல் இதே கடையில் சாம்பிளாக வாங்கிப் போன துண்டு அது.

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் மாடுலர் கிச்சன் விற்கும் அந்தக் கடையில் சுஜிதா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. துண்டைத் தொடாமலே சிரிக்க முயன்றாள்.

“கிச்சனை யாரும் தண்ணிக்குள்ள முக்கி வைக்க மாட்டாங்களே, மேடம்.”

“கொடைக்கானல்ல முக்க வேற வேணுமா? ஆடி மாசம் ஜன்னலத் திறந்தா மேகமே உள்ள வந்து உக்காந்துக்குது.”

“அந்தப் பிள்ளைய எதுக்குத் திட்டுற?” என்றான் ஆக்னல். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்திருந்தான், அவ்வளவு உயரம். “நான்தான் விலை குறைஞ்சதாக் காட்டச் சொன்னேன்.”

“நீங்க வேற எதக் கேப்பீங்க? லாட்ஜுல ஏலம் விட்ட அடுப்பச் சுமந்துட்டு வந்த ஆளுதான?”

ஸ்வெட்டர் கையைச் சரேலென்று மேலே இழுத்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளத்தது.

“இந்தா பாரும்மா. விலை குறைஞ்ச அடுப்பு போட்ட கோடு.”

ஆக்னல் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான். “அதையே எத்தன தடவ சொல்லுவ?”

“இந்தக் கை இருக்கிற வரைக்கும் சொல்லுவேன்.”

சுஜிதா அவசரமாக ஆர்டர் படிவத்தை எடுத்தாள். இசபெல்லாவுக்குப் பள்ளி விடுதியில் மெஸ் பொறுப்பு. நூற்றிருபது பிள்ளைகளுக்குப் பொங்குகிற இடத்தில் எது உடையும், எது தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். திட்டுவதுபோலவே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“மேல கதவே வேணாம், வெறும் தட்டு போதும். காசும் மிச்சம், காத்தும் போகும். கீழ மட்டும் பிவிசி பலகை. கீலெல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலு. சிம்னி வேணாம். ரிப்பேருன்னா மதுரையில இருந்து ஆள் வரணும். ஜன்னல்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடு. ஏம்மா, அந்தக் கண்ணாடி அடுப்ப ஏன் காட்டுற? குக்கர ஒரு தடவ ணங்குன்னு வச்சாப் போச்சு. ஸ்டீல் அடுப்பு. பித்தள பர்னர். ரெண்டு.”

“மூணு,” என்றான் ஆக்னல்.

“மூணாவதுல என்னத்தப் பொங்கப் போறீங்க?”

“மூணு பர்னரே எழுதும்மா.”

“இந்தாளுக்குப் புத்தியே வராது!”

மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த இருவர் மிக்ஸியை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். சுஜிதா அளவு நாடாவை உருவினாள்.

“மேடை உயரம் மட்டும் சொல்லிருங்க, சார். நாளைக்கு வெள்ளனே கொத்தனார் வர்றார்னு சொன்னீங்க. கல்லப் பதிச்சுட்டா அப்புறம் மாத்த முடியாது. சமைக்கிறவங்க முழங்கைக்குக் கொஞ்சம் கீழ வரணும்.” இசபெல்லாவின் அருகில் வந்து நாடாவைப் பிடித்தாள். “மேடத்துக்கு முப்பத்தோரு இஞ்சு.”

“முப்பத்தாறு போடு,” என்றாள் இசபெல்லா.

“ஐயோ, உங்களுக்குச் சட்டிக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாது, மேடம்.”

“எனக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? அவர அளம்மா!” நாடாவைப் பிடுங்கி ஆக்னல் பக்கம் எறிந்தாள்.

அது அவன் காலடியில் விழுந்து சுருண்டது. அவன் எடுக்கவில்லை.

“முப்பத்தொண்ணு,” என்றான். அன்று முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. “முப்பத்தொண்ணுதான். அதுல கை வைக்காத.”

“குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடிஞ்சு கெடப்பீங்க!”

“கெடந்துட்டுப் போறேன்! என் முதுகுதான?”

“அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? சொன்னாக் கேக்கிறதா இருந்தா நிக்கிறேன். இல்லைன்னா ஆஸ்டல்ல எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு.”

“சாமான் பாக்கக் கூப்பிட்டேன். அளவு பாக்க இல்ல.”

திறந்திருந்த கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்து, அடுக்கி வைத்திருந்த அடுப்புகளின் மேல் படிந்தது. சுஜிதா உயரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, சமாதானமாகப் பேசினாள்.

“எல்லா வீட்டுலயும் இதே சண்டைதான், மேடம். புதுக் கிச்சன் வந்துட்டா சரியாயிரும். வியாழக்கிழமை ஃபிட்டிங்குக்கு ஆள் வருவாங்க. நீங்க வீட்டுல இருப்பீங்கல்ல?”

இசபெல்லா டிபன் பாக்ஸை அறைந்து மூடினாள்.

“எந்த வீட்டுல? இந்தக் கை வெந்த அன்னைக்கே நான் வெளிய வந்துட்டேன். ரெண்டு வருஷமாச்சு. தனியாப் பொங்கித் திங்கிற மனுசன் இன்னொரு ஓட்ட அடுப்புல கருகிட்டாருன்னு எனக்குச் சேதி வரக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்.”

வாசலுக்குப் போய்விட்டாள். ஆக்னல் படிவத்தை இழுத்து, காலியாக இருந்த கட்டத்தில் தன் கையாலேயே முப்பத்தொன்று என்று எழுதினான். பிறகு, நிமிராமலே சொன்னான்.

“இசபெல், உனக்குப் பயமா இருந்தா அடுப்ப நானே பத்த வைக்கிறேன். வியாழக்கிழமை வந்து, மொதப் பால் மட்டும் நீ காய்ச்சிக் குடுக்குறியா?”